கென்சல் பண்ணின ஹயர்

கொழும்பில், கொட்டாஞ்சேனையின் ஒரு முச்சந்தியில் த்ரீவீல் பிடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. கண்ணாடிக் கூட்டுக்குள் நிற்கிற அந்தோனியார் சிலைக்குப் பக்கத்தில், வரிசையில் முதலாவதாக நிற்கிற வண்டியில்தான் ஏற வேண்டும். இரண்டாவது வண்டி புத்தம் புதிதாக இருந்தாலும் அதில் ஏற முடியாது. முதலாவது வண்டிக்காரர் உங்கள் செருப்பை ஒரு பார்வை பார்ப்பார், கையிலிருக்கிற பையை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு ஒரு விலை சொல்லுவார். நீங்கள் அதில் பாதியைச் சொல்லுவீர்கள். அவர் அந்தோனியாரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். கடைசியில் இரண்டு பேரும் கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே போகக்கூடிய ஒரு விலைக்கு வண்டி கிளம்பும். அந்தப் பக்கத்துச் சனம் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் இப்படித்தான் போய் வந்தது.

பிறகு போனுக்குள் த்ரீவீல் வந்தது. ஆட்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே விரலால் தட்டினார்கள். விலை முதலே தெரிந்தது. செருப்பை யாரும் பார்க்கவில்லை. எங்கேயோ கிடந்த வண்டி ஒன்று சந்துக்குள் புகுந்து, ஸ்டாண்டில் நிற்கிறவர்களின் மூக்குக்கு முன்னாலேயே ஆளை ஏற்றிக்கொண்டு போனது.

மெல்ரோய் பொடியனாக இருந்த காலத்திலிருந்தே அந்த ஸ்டாண்டில் நிற்கிறவன். இப்போது சில நாட்களில் மத்தியானம் வரைக்கும் அவனுடைய வண்டி அசையாது. வெயில் ஏற ஏற அவனுக்குக் கோபமும் ஏறும்.

"நீங்களும் அந்த ஆப்பில சேர்ந்தா என்ன?" என்று அவனுடைய பெண்சாதி கொன்ஸ்ரன்ஸ் ஒரு தடவை கேட்டாள்.

"சேர்ந்து? ஏறுற நாயெல்லாம் எனக்கு ஸ்டார் போடும். நான் அதுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு போகோணும். என்ட வண்டிக்கு நான் முதலாளியா, போன் முதலாளியா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியாயமில்லாதது அதற்குப் பிறகு ஸ்டாண்டுக்காரர்கள் செய்தது.

முதலில் வெளி வண்டிக்காரர்களை ஏசினார்கள். பிறகு டயரில் காற்றைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கண்ணாடி உடைந்தது, பல்லும் உடைந்தது. அடி வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? ஆப்பில் ஓடுகிறவர்கள் தங்களுக்குள் வட்சப்பில் ஒரு குழு வைத்து, அந்தச் சந்தியைப் படம் பிடித்துப் போட்டு, இந்தப் பக்கம் போகாதீர்கள் என்று எழுதினார்கள். சந்தியடிக்கு ஆம்பிளைப் பெயரில் அழைப்பு வந்தால் ஒருவரும் எடுப்பதில்லை. அப்போதுதான் ஸ்டாண்டின் தலைவன் கிறிஸ்ரி ஒரு வழி சொன்னான்.

"பொம்பிளைப் பேரில கூப்பிடுவம். வந்து நிண்டாப் பிறகு நம்மட கையிலதானே."

அந்த வழி பலித்தது. பெண்சாதியின் போன், மதினியின் போன் என்று ஒவ்வொருவராகக் கொண்டு வந்தார்கள். கூப்பிட்டார்கள், வந்தவனை அடித்தார்கள், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு மறுபடி வரிசையில் நின்றார்கள்.

இதே போன்தான் கொன்ஸ்ரன்ஸுக்குச் சோறு போட்டது. அவள் சந்துக்குள் இருக்கிற தன் குசினியில் சமைத்து மத்தியானச் சோற்றுப் பார்சல் விற்கிறவள். முன்பெல்லாம் துறைமுகத்துக்குப் போகிற நாலு பேர் வாசலில் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். மகள் டெனிஷா ஒரு நாள் மாசிச் சம்பலையும் மீன் அம்புல்தியலையும் படம் பிடித்துப் போனில் போட்டாள். யாரோ பார்த்தார்கள், யாருக்கோ சொன்னார்கள். இப்போது வெள்ளவத்தையில் இரண்டு ஒஃபீசும் ஒரு ரியூஷன் வகுப்பும் காலையிலேயே அவளுக்குச் செய்தி அனுப்பிவிடும். அவள் விடிவதற்கு முன் எழும்பி, தேங்காய் துருவி, பருப்பை அடுப்பில் ஏற்றி, கங்குன் கீரையை அலசி அலசி மண் போக்கி, பத்து மணிக்கெல்லாம் லஞ்ச் சீட் என்கிற பிளாஸ்டிக் தாளில் சுற்றத் தொடங்குவாள். சீட்டைச் சூட்டோடு மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குழம்பு ஒழுகும். அவளுடைய விரல் நுனிகள் எப்போதும் சிவந்துதான் இருக்கும்.

அந்தப் பார்சல்களை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோகிறவர் நாகேந்திரம்.

நாகேந்திரம் யாழ்ப்பாணத்து ஆள். வெள்ளவத்தையில் காலி வீதியிலேயே, வெளிநாட்டுக்குப் போன் எடுக்கிற ஒரு கொமினிகேசன் கடை வைத்திருந்தவர். சண்டைக் காலத்தில் தாய்மார் வரிசையில் காத்திருந்து, அவருடைய மரப்பெட்டிக்குள் நின்று, கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற பிள்ளைகளோடு அழுது அழுது கதைப்பார்கள். பிறகு ஆளுக்கொரு போன் வந்து, அழுகையும் இலவசமாகிவிட்டது. கடையை மூடிவிட்டு, கிடைத்த காசுக்கு ஒரு த்ரீவீல் வாங்கி ஆப்பில் ஓடினார். "இன்ரநெற்தான் என்னைக் கவிழ்த்தது, அதுதான் இப்ப கஞ்சியும் ஊத்துது. ஆரோடை கோவிக்கிறது, தங்கச்சி?" என்று சிரிப்பார். சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுவார். ஓடும்போது போன் அடித்தால் எடுக்கமாட்டார்.

அவளுக்கும் அவருக்கும் இடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஹயரிலும், அதாவது ஒவ்வொரு சவாரியிலும், கொம்பனி தன் பங்கை வெட்டிக்கொள்ளும். அதனால் அவர் பக்கத்தில் நிற்கிற நேரம் பார்த்து அவள் ஆப்பில் கூப்பிடுவாள், அது அவருக்குத்தான் போகும். அவர் ஏற்றுக்கொண்டதும் உடனே கென்சல் பண்ணிவிடுவாள். கொம்பனிக்கு ஹயர் இல்லை. அவருக்கு ஹயர் உண்டு. அவர் வழக்கமான இடத்துக்கு, அதாவது ஸ்டாண்டின் கண்ணில் படாத ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலடிக்கு வந்து நிற்பார். அவளும் மகளும் பைகளைத் தூக்கிக்கொண்டு பின் சந்தால் போவார்கள். கொழும்பில் பாதிப் பேர் இப்படிச் செய்கிறவர்கள்தான், அவர்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு பாஷை போல ஆகிவிட்டது. கென்சல் என்று வந்தால் "வாங்கோ" என்று அர்த்தம்.

மெல்ரோய்க்கு இது தெரியாது. பார்சல்கள் பஸ்ஸில் போவதாக அவள் சொல்லியிருந்தாள். அவன் நம்பினான், அல்லது நம்புவது வசதி என்று விட்டுவிட்டான்.

அது வைகாசி மாதம். மழை வருவதற்கு முந்திய புழுக்கம். துறைமுகத்துப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டுக் காற்றில்லை. அன்றைய பார்சல்கள் போய்விட்டன. கொன்ஸ்ரன்ஸ் அடுத்த நாளைக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மெல்ரோய் சாப்பிட வந்தான், ஆனால் சாப்பிடவில்லை. முகம் கறுத்திருந்தது.

"எதிர் வீட்டு றொசானா இண்டைக்கு என்ட கண்ணுக்கு முன்னால ஆப் வண்டியில ஏறுறாள். வரிசையில முதலாவதா நிக்கிறது நான். அவளிட பிள்ளையைப் பெறுறதுக்கு ராத்திரியில ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு ஓடினது நான். ஒரு சிரிப்புச் சிரிச்சுப்போட்டு ஏறிப் போறாள்!"

"சோறு போடட்டா?"

"உன்ட போனைத் தா."

அவளுடைய கை முழுக்க மீன். அரிசி மூட்டைக்கு மேல் கிடந்த போனைக் கண்ணால் காட்டினாள். அவன் எடுத்துத் தட்டினான், ஏசினான், மறுபடி தட்டினான். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழும்பினான்.

"ஆருக்கு எடுத்தீங்க?"

"ஆருக்குமில்ல. உன்ட பேருக்கெண்டா வருவாங்கள்."

அவன் வெளியே போன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்குள் இறங்கியது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். திரையில் நாகேந்திரத்தின் மீசை வைத்த முகம். சாரதி ஏற்றுக்கொண்டார். ஏற்றுகிற இடம், முச்சந்தி. சின்ன த்ரீவீல் படம் ஒன்று ஜிந்துப்பிட்டிப் பக்கத்தில் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

அவள் அழைத்தாள். மணி அடித்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அந்தோனியாரே, இந்த மனுசனைத் திருப்பி விடும் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கென்சலை அமத்தினாள். ஏன் ரத்துச் செய்கிறீர்கள் என்று போன் கேட்டது. அதிக நேரம் காத்திருந்தேன், சாரதி கேட்டுக்கொண்டார், தவறுதலாக அழைத்துவிட்டேன். அவளுக்கு வேண்டிய காரணம் அதற்குள் இல்லை. கடைசியைத் தொட்டாள். பயணம் ரத்துச் செய்யப்பட்டது.

சுவரில் சாய்ந்து மூச்சை விட்டாள். அந்த மூச்சு முழுவதும் வெளியே வருவதற்கு முன் மறுபடி போனைத் தூக்கிப் பார்த்தாள். கென்சல் பண்ணினால்தானே அவர் வருவார்.

வரைபடத்தில் வண்டியைத் தேடினாள். ஹயர் இல்லையென்றால் வண்டியும் இல்லை. அவர் எங்கே வருகிறார் என்று அவளுக்கு இனித் தெரியாது. செருப்பைத் தேடாமல் சந்துக்குள் ஓடினாள்.

அவள் சந்தியை எட்டியபோது வண்டி அந்தோனியாருக்கு முன்னால் நின்றது. கிறிஸ்ரி சாவியை உருவிக் கையில் வைத்திருந்தான். நாகேந்திரம் வண்டிக்குள்ளேயே இருந்தார், மடியில் அவளுடைய வெறும் சாப்பாட்டுப் பைகள். அன்றைக்குத் திருப்பிக் கொடுக்க மடித்து வைத்தவை.

"ஹயர் ஒண்டுக்கு வந்தனான், தம்பியவை. சாவியைத் தாங்கோ, நான் போறன்."

"ஆர் கூப்பிட்டது?" என்றான் மெல்ரோய்.

அவர் தப்புவதற்கென்று நினைத்து அந்தப் பெயரைச் சொன்னார். "இஞ்சை இருக்கிற ஒரு பிள்ளைதான். கொன்ஸ்ரன்ஸ் எண்டு. சமையல் செய்யிறவா. அவவின்ரை சாப்பாட்டை நான்தான் வழமையாக் கொண்டுபோறனான். அந்தத் தங்கச்சியைக் கேட்டுப் பாருங்கோ."

எல்லோரும் மெல்ரோயைப் பார்த்தார்கள். கிறிஸ்ரிதான் முதலில் சிரித்தான்.

"மச்சான், உன்ட வீட்டுக்கே ஆப் வண்டியா?"

அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. மெல்ரோய் தன் வண்டியின் சீட்டுக்கடியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்தான்.

"மெல்ரோய், வாணாம்பா, வயசான மனுசன்" என்று பக்கத்து வண்டி ரிஷாத் கையைப் பிடித்தான். மெல்ரோய் அவனை உதறித் தள்ளினான்.

முதல் அடி ஹேண்டிலைப் பிடித்திருந்த வலது கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் சந்துவாசலில் நின்ற கொன்ஸ்ரன்ஸுக்கே கேட்டது. பிறகு நாலு பேர் சேர்ந்து அவரை வெளியே இழுத்தார்கள். சட்டை கிழிந்தது. கிறிஸ்ரி வயிற்றில் உதைத்தான். மெல்ரோய் முகத்தில் குத்தினான், மறுபடி குத்தினான், "தங்கச்சியா? எந்தத் தங்கச்சி? சொல்லடா, எந்தத் தங்கச்சி?" என்று கேட்டுக் கேட்டுக் குத்தினான். காதிலிருந்து இரத்தம் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. சாப்பாட்டுப் பைகள் றோட்டில் சிதறின. யாரோ வண்டியைக் கவிழ்த்தார்கள். முன் கண்ணாடி நொறுங்கியது.

"விடுங்க! விடுங்க அவரை!" கொன்ஸ்ரன்ஸ் உள்ளே பாய்ந்தாள். மெல்ரோய் புறங்கையால் அடித்ததில் அவள் கண்ணாடித் தூளுக்கு மேல் விழுந்தாள். விழுந்த இடத்தில் நாகேந்திரத்தின் முகம் பக்கத்தில் இருந்தது. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. மற்றக் கண் அவளைப் பார்த்தது. கூப்பிட்டவளைப் பார்க்கிற பார்வை அது. அடித்தவர்களைக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

மேல்மாடியிலிருந்து யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதனால் பொலிஸ் வரத்தான் வேண்டியிருந்தது. மெல்ரோயையும் கிறிஸ்ரியையும் பிடித்து, சில நாட்களில் பிணையில் விட்டார்கள். வீடியோவில் அடிப்பது தெரிந்தது, அதற்கு முந்தியது தெரியவில்லை. வெளி வண்டி வந்து மோதியது, வாய்த்தர்க்கம் வந்தது, கைகலப்பு ஆகிவிட்டது என்று ஸ்டாண்டே ஒரே கதையைச் சொன்னது. திடீரென்று வந்த சண்டையென்றால் ஒரு தண்டனை. ஆளைக் கூப்பிட்டு வரவழைத்து அடித்ததென்றால் வேறு தண்டனை. வித்தியாசம் பல வருசம் என்று புதுக்கடை நீதிமன்றத்துச் சட்டத்தரணி ஒருவர் சொன்னார். கொம்பனி கொடுத்த விபரத்தில் அழைத்தது கொன்ஸ்ரன்ஸ், ரத்துச் செய்தது கொன்ஸ்ரன்ஸ் என்று இருந்தது. ஆகையால் எல்லாம் அவளுடைய வாயில் வந்து நின்றது.

"மார்க்கட்டுக்குப் போகக் கூப்பிட்டனான், பிறகு மனம் மாறிட்டுது எண்டு சொல்லு" என்றான் மெல்ரோய். "அவ்வளவுதான். பொய்யுமில்ல, மெய்யுமில்ல."

பொலிஸில் அவள் அப்படியே சொன்னாள். அன்றைக்கு அவளுக்குப் பயம், அதைவிட வேறு காரணமில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவனுடைய கை எவ்வளவு பாரம் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. கோழி சூப் காய்ச்சி, போத்தலில் ஊற்றி, துவாயால் சுற்றிக்கொண்டு போனாள். நாகேந்திரத்தின் கை கட்டுப் போட்டு உயர்த்தித் தொங்கியது. கதவடியில் ஒரு பொலிஸ்காரர் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மனைவி சரோஜினிதேவி, வந்தவள் யாரென்று தெரிந்ததும் எழும்பினாள்.

"ஏன் வந்தனீர்? செத்திட்டாரோ எண்டு பாக்கவோ?"

"அக்கா, நான்..."

"உம்மடை சோத்தைக் காவித் திரிஞ்ச மனிசன். உம்மடை பிள்ளைக்கு மாம்பழம் வாங்கிக் குடுத்தவர். கூப்பிட்டு வைச்சு அடிச்சுக் குடுத்தீரே!"

நாகேந்திரம் கட்டுப் போட்ட தாடையோடு மெல்லக் கதைத்தார். அவருக்குக் கோபமில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"சந்தியடி எண்டு பாத்தவுடனை எனக்குச் சந்தேகம் வந்தது, தங்கச்சி. வண்டியை ஓரமா விட்டிட்டு நிண்டனான். போறதோ விடுறதோ எண்டு யோசிச்சனான். நீங்கள் கென்சல் பண்ணினபடியாத்தான், இது நீங்கள்தான் எண்டு நம்பிச் சந்தியடிக்கே வந்தனான். அது எங்கடை ரெண்டு பேருக்கும்தானே தெரியும்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சரோஜினிதேவி சூப் போத்தலைப் பிடுங்கி, ஜன்னலுக்கு வெளியே முழுவதையும் ஊற்றி, வெறும் போத்தலை அவளுடைய கையில் திணித்தாள். கொன்ஸ்ரன்ஸ் வாயைத் திறந்தாள். கதவடியில் பொலிஸ்காரர் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் புருசன்தான் கூப்பிட்டான் என்ற மூன்று சொல்லைச் சொல்லாமலே, வெறும் போத்தலைத் துவாயில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தன்னைத் தானே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

அதற்குப் பிறகு அவளுடைய வியாபாரம் படுத்துவிட்டது. ஆப் சாரதிகளின் குழுவில் அவளுடைய பெயர் போய்விட்டது. கொன்ஸ்ரன்ஸ், கொட்டாஞ்சேனை, எடுக்காதீர்கள். வெள்ளவத்தை ஒஃபீஸ்கள் வேறு குசினி பார்த்துக்கொண்டன. மழை பெய்து ஓய்ந்து, மறுபடி வெயில் வந்தது. நாகேந்திரம் மறுபடி வண்டி ஓட்டுகிறார், ஆனால் வலது கை நேராக நீள்வதில்லை என்று ரிஷாத் ஒரு நாள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

வழக்குக்கு முதல் நாள் பின்னேரம், பருப்புப் பானை கொதித்துக்கொண்டிருந்தபோது, அவள் மெல்ரோயிடம் சொன்னாள்.

"நாளைக்குக் கோட்டில நான் நடந்ததைத்தான் சொல்லப் போறன்."

"என்ன நடந்தது?"

"நீங்க கூப்பிட்டது. ஏன் கூப்பிட்டதெண்டும்."

முதலில் அவன் சிரித்தான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தான். தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். மோதி, விட்டு, மறுபடி மோதினான்.

"அவனுக்காகவா? சொந்தப் புருசனை அவனுக்காக உள்ள அனுப்பப் போறியா? என்ன அவன் உனக்கு?"

"ஒண்டுமில்ல. என்ட பேரை நம்பி வந்தவர். அவ்வளவுதான்."

அவன் அடுப்பை எட்டி உதைத்தான். கொதிக்கிற பருப்பு அவளுடைய வலது பாதத்தில் கொட்டியது. அவள் கத்தியது எதிர் வீட்டு றொசானாவுக்கும் கேட்டிருக்கும், ஆனால் ஒரு கதவும் திறக்கவில்லை. மெல்ரோய் கொஞ்ச நேரம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். செய்ததைப் பார்த்துப் பயந்தவன் போலத்தான் இருந்தான். பிறகு, "நல்லது. இந்தக் காலோட நீ எங்கயும் போகமாட்டாய்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

டெனிஷா அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினாள். தோல் கழன்று துணியோடு வந்தது.

"அம்மா, அப்பா உள்ள போனா நாங்க என்னம்மா செய்யிறது? சந்துக்குள்ள தலை காட்டேலுமா?"

"அந்த அண்ணாட கை இப்ப நேரா நீளுதில்லயாம், மகள்."

டெனிஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி தண்ணீர் ஊற்றினாள். காலையில் மெல்ரோய் கிறிஸ்ரியின் வண்டியில் கோட்டுக்குப் போன பிறகு, தாயின் காலில் பழைய துணியைச் சுற்றி, தகப்பனுடைய பெரிய ரப்பர் செருப்பை மாட்டிவிட்டாள்.

புதுக்கடை தூரமில்லை. நல்ல காலென்றால் அவள் நடந்தே போய்விடுவாள். அன்றைக்குக் கோயிலடி வரைக்கும் போவதற்குள்ளேயே வேர்த்துக் கொட்டியது. மதிலைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்துக் கூப்பிட்டாள். ஒரு சாரதி ஏற்றுக்கொண்டார், பெயரைப் பார்த்துவிட்டு ரத்துச் செய்தார். இன்னொருவர் ஏற்றார், அவரும் விட்டார். மூன்றாவதாக நாகேந்திரத்தின் முகம் வந்தது. மீசையை எடுத்திருந்தார். அவரும் அதே கோட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்க வேண்டும், அதனால்தான் பக்கத்தில் இருந்தார். பழைய பழக்கத்தில் விரல் தொட்டிருக்கும்.

அவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அதுவும் வந்தது. சாரதி பயணத்தை ரத்துச் செய்துவிட்டார்.

கென்சல். அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்தது. போனைப் பைக்குள் வைத்துவிட்டு, வழக்கமாக அவர் வந்து நிற்கிற இடத்தில், கோயில் மதிலோரமாகப் போய் நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்ன சொல்லுவது என்று கூட யோசித்து வைத்தாள். வண்டிகள் வந்தன, போயின. பூக்காரி ஒருத்தி, "யாருக்கும்மா காத்திருக்கீங்க?" என்று கேட்டாள். வெயில் மதிலின் மேல் பாதியிலிருந்து கீழ்ப் பாதிக்கு இறங்கியது.

இந்த முறை கென்சல் என்றால் கென்சல்தான் என்று அவளுக்கு விளங்கியது. அங்கேயே நின்று கொஞ்சம் அழுதாள். பிறகு நடந்தாள்.

சுற்றிப் போக அந்தக் காலுக்குச் சக்தியில்லை, சந்தி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. ஸ்டாண்டில் நின்றவர்கள் அவள் நொண்டி நொண்டி வருவதைப் பார்த்தார்கள். எங்கே போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவன் காறி அவளுடைய காலடியில் துப்பினான். இன்னொருவன் வண்டியை உறுமவிட்டு, அவளை உரசுகிற மாதிரி ஓட்டித் திருப்பினான். ரிஷாத் தன் வண்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. அவள் நிற்கவில்லை. துணியில் ஈரம் ஊறி, ரப்பர் செருப்புக்குள் வழுக்கத் தொடங்கியது.

நீதிமன்றத்துக்குள் அவளுடைய பெயரை இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெல்ரோய் கூண்டுக்குள் இருந்து திரும்பிப் பார்த்தான். அவனுடைய முகத்தில் முதலில் நம்பாமை, பிறகு அவளுக்கு நன்றாகப் பழக்கமான அந்தக் கறுப்பு. சுவரோரத்து நீள வாங்கில் உட்கார்ந்து நாகேந்திரம் வளைந்த கையை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்தபோது நிமிரவில்லை.

அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் தமிழில்தான் சொல்லுவேன் என்றாள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார். கேள்வி கேட்டவர் கொம்பனியின் தாளைப் பார்த்தபடி கேட்டார்.

"சம்பவத்தன்று முறைப்பாட்டுக்காரரை அழைத்தது நீங்கள்தானே?"

"இல்ல, சேர். என்ட போன். கூப்பிட்டது என்ட புருசன். ஆப்பில ஓடுறவங்களைச் சந்திக்கு எடுத்து அடிக்கிறதுக்கு. முதலும் அப்பிடித்தான் செய்தவங்க."

சபையில் சலசலப்பு எழுந்தது. கிறிஸ்ரி ஏதோ கத்தினான், பொலிஸ்காரர் அவனை அமத்தினார்.

"பொலிஸில் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறீர்கள்."

"அது பொய். பயத்தில சொன்னது."

"அழைப்பை ரத்துச் செய்தது யார்?"

"நான்."

"ஏன்?"

மெல்ரோயின் கைகள் கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்தன. அவள் அவனைப் பார்க்கவில்லை, நீதவானையும் பார்க்கவில்லை. வாங்கில் குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்துச் சொன்னாள்.

"அவர் வரக்கூடாதெண்டு. அவரைத் திருப்பி அனுப்பத்தான் அமத்தினனான். அமத்தினாப் பிறகுதான் எங்கட வழக்கம் ஞாபகம் வந்தது. ஓடினனான், சேர். ஓடியும் பிந்திட்டன்."

மொழிபெயர்ப்பாளர் நீதவான் பக்கம் திரும்பி அதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே நாகேந்திரம் நிமிர்ந்தார். முதலில் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே, பெரிய ஆம்பிளைச் செருப்புக்குள் துணி சுற்றியிருந்த அவளுடைய காலையும், வாசலிலிருந்து சாட்சிக் கூண்டு வரைக்கும் தரையில் பட்டிருந்த ஈரத் தடங்களையும் பார்த்தார்.